எடுத்து வைக்காத பங்கு

எங்கள் பக்கத்தில் அசனம் என்னும் சபை விருந்து என்றால் அது வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் உரியதில்லை. பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தன்று விடியும் முன்பே அடுப்பில் வார்ப்பு ஏறிவிடும். சோறும் கறிக்குழம்பும் இறங்கி, ஜெபம் முடிந்து, முதல் பந்தி உட்காருவதற்கு முன்னால் ஒருவர் தூக்குவாளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு நிற்பார். படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியம்மைக்கு ஒன்று. பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒன்று. மகன் சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்க, இங்கே தனியாக இருக்கும் தாத்தாவுக்கு ஒன்று. அம்மன் கோயிலுக்குப் போகிற பக்கத்து வீட்டுக்கும், பள்ளிவாசலுக்குப் போகிற எதிர் வீட்டுக்கும் ஒவ்வொன்று. வராதவருக்கும் பங்கு உண்டு என்பதே அசனத்தின் கணக்கு. அதைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

போன தை மாதத்து அசனத்தில் அந்தத் தூக்குவாளி வரிசையில் கரண்டி பிடித்து நின்றவன் நான். எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பெண் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியோடு வந்து நின்றாள். வீட்டில் அவளும் மாமியாரும்தான். "அண்ணாச்சி, ரெண்டு பேருக்குன்னு போடாதீங்க, மூணு பேருக்குப் போடுங்க. நாளைக்குப் பாளையங்கோட்டைக்குப் போறேன். காலையில சுட வச்சு எடுத்துட்டுப் போவேன். உள்ள வாங்குவாவளோ என்னமோ தெரியல. அவன் பங்குன்னு ஒண்ணு இருக்கணும்லா" என்றாள்.

நான் போட்டேன். ஆனால் போடுவதற்கு முன்னால் என் கை ஒரு கணம் நின்றது. பக்கத்தில் இலை எடுத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். 'அவனுக்கா?' என்று இரண்டு பேர் கண்ணும் கேட்டுக்கொண்டன. அதை அவளும் பார்த்துவிட்டாள். தலையைக் குனிந்து, தூக்குவாளியின் மூடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே நின்றாள்.

அந்த ஒரு கணத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தயக்கம் என் கையில் மட்டும் இருந்ததில்லை. எங்கள் தெரு முழுக்க இருந்தது. தயக்கத்துக்குப் பின்னால் நாங்கள் செய்யாமல் விட்டவை நிறைய. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிவிட வேண்டும்.

அவள் மகனுக்குப் பதினாறு வயது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கார்த்திகை மாதத்தில் ஒரு இருசக்கர வாகனத் திருட்டில் பெரியவர்கள் இரண்டு பேரோடு பிடிபட்டான். அவர்கள் வேறு இடத்துக்குப் போனார்கள். இவன் பாளையங்கோட்டையில் உள்ள அரசு கூர்நோக்கு இல்லத்துக்குப் போனான். எங்கள் ஊரிலிருந்து பேய்க்குளம் வழியாகப் பேருந்தில் போய்விட்டு, அன்றைக்கே திரும்பிவிடக்கூடிய தூரம்தான் பாளையங்கோட்டை. கல்யாணப் பட்டு எடுக்கவும், கண் காட்டவும், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கவும் நாங்கள் போகாத மாதமில்லை. அந்த இல்லத்தின் வாசலுக்கு மட்டும் ஒரு தடவைகூடப் போனதில்லை.

எங்கள் முதல் குற்றம் பண்டிகைக்கு வெகு நாள் முன்பே நடந்துவிட்டது. அவன் போன சில நாட்களில் நன்னடத்தை அலுவலர் தெருவுக்கு வந்தார். இளைஞர் நீதிச் சட்டப்படி அவர், பிடிபட்ட பிள்ளையின் குடும்பம், பழக்கவழக்கம், சூழ்நிலை எல்லாவற்றையும் விசாரித்துப் பதினைந்து நாளுக்குள் ஓர் அறிக்கை தர வேண்டும். ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட இளைஞர் நீதிக் குழுமம் அந்த அறிக்கையைப் பார்க்கும். பிள்ளையைப் பிணையில் விட வேண்டும் என்பதே சட்டத்தின் பொது விதி. பிணைதாரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடலாம், நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடலாம், தகுதியுள்ள ஒரு நபரின் பொறுப்பில் ஒப்படைக்கலாம் என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கு ஆபத்து வரும் என்பது போன்ற காரணம் இருந்தால்தான் மறுக்கலாம்.

அப்படியென்றால் அந்த அலுவலர் எங்களிடம் கேட்க வந்த கேள்வி உண்மையில் ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பையனைப் பார்த்துக்கொள்ள இந்தத் தெருவில் ஆள் உண்டா?

நாங்கள் என்ன சொன்னோம்? "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றோம். தெரியாதா? கைக்குழந்தையாக இருந்தபோது அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்த பெண்கள் இந்தத் தெருவில் இருக்கிறார்கள். அப்பா இறந்த வருஷம் அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் சுற்றியதை எல்லோரும் பார்த்தோம். அந்த இரண்டு பெரியவர்கள் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதையும் பார்த்தோம். குழந்தையைச் சட்டவிரோதமான காரியத்துக்குப் பயன்படுத்துகிறவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அப்போது ஒருவராவது அவனைக் கூப்பிட்டு, "ஏ மக்கா, அவங்ககூட உனக்கு என்னலே சோலி" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. பிறகு, தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லி அனுப்பினோம். அன்றைக்குப் பொய் சொன்னதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வம்பில் மாட்டாமல் தப்பித்ததாகத்தான் தோன்றியது.

அவன் கிறிஸ்மஸை உள்ளேதான் கழித்தான், பொங்கலையும் உள்ளேதான் கழித்தான். அந்த நாட்களில் எங்கள் வாயில் வந்த அந்த ஒரு வாக்கியத்துக்கும் பங்கு இருக்கக்கூடும் என்பதை இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

டிசம்பரில் கேரல் குழு கிளம்பியது. எங்கள் சபைக்குழு மதம் பார்க்காமல் தெருவில் எல்லா வீட்டு முன்னாலும் நின்று இரண்டு பாட்டுப் பாடிவிட்டுத்தான் நகரும். அந்த வருஷம் கடைசி வீட்டுக்கு முன்னால் நிற்கவில்லை. "லைட் அணைச்சிருக்கு, தூங்கிட்டாவ போல" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டோம். கதவு ஒருச்சாய்த்து இருந்தது. திண்ணையில் ஆள் உட்கார்ந்திருந்த நிழல் தெரிந்தது. டிரம் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு தாண்டிப் போனோம். துக்க வீட்டைத் தாண்டிப் போவதுபோல மரியாதையாக நடந்துகொண்டதாக நினைத்தோம். துக்க வீடென்றால் உள்ளே போய் உட்கார்ந்திருப்போமே?

கோயில் கொடைக்கு வரி பிரித்தவர்களும் அதையேதான் செய்தார்கள். "பாவம், அந்த வீட்டுல கேக்க வேண்டாம்" என்று விட்டுவிட்டார்கள். அதைக் கேட்டபோது இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் வரி வாங்காத வீடு என்றால் ஊர்க் கணக்கில் இல்லாத வீடு என்று பொருள். இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு நோட்டில் அவள் பெயரை எழுதியிருந்தால், அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

தையில் தெருவெல்லாம் கரும்பும் மஞ்சள் குலையும் பனங்கிழங்குமாகக் கிடந்தது. பெண் பிள்ளைகள் முற்றத்தில் மண்ணால் வீடு கட்டிச் சிறுவீட்டுப் பொங்கல் வைத்தார்கள். பிள்ளைகளுக்கென்றே ஒரு பொங்கலை ஒதுக்கி வைத்த மண் இது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போதுள்ள இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரி 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று தைப்பொங்கல். அதற்கும் வெகு காலம் முன்பே, 1920இல், பிள்ளைகளைப் பெரியவர்களோடு சேர்த்துத் தண்டிக்கக் கூடாது என்று இந்தியாவிலேயே முதலாவதாகக் குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது அன்றைய சென்னை மாகாணம். நூறு வருஷத்துக்கு மேல் சட்டம் பிள்ளைகளின் பக்கம் நின்றிருக்கிறது. தெருதான் நிற்கவில்லை.

சாத்தான்குளத்துக்காரர்கள் நாங்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் காவல் நிலையத்தில் பிடித்து வைத்தார்கள். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டவர்களில் மகன் 22ஆம் தேதி இரவு இறந்தார், அப்பா 23ஆம் தேதி காலையில் இறந்தார். அன்று இந்த ஊர் கடையை அடைத்தது, தெருவில் உட்கார்ந்தது. பெண் தலைமைக் காவலர் ஒருவர் தான் கண்டதை நீதித்துறை நடுவரிடம் துணிந்து சொன்னபோது எங்கள் வீட்டுப் பெண்கள் அவருக்காக ஜெபித்தார்கள். நாடு முழுக்க எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னது. உள்ளே போனவர் என்ன ஆனார் என்று வெளியே இருப்பவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அந்த ஜூன் எங்களுக்குக் கற்றுத்தந்த பாடம். அதைப் பேட்டிகளில் சொன்னோம், மேடைகளில் சொன்னோம். சொந்தத் தெருப் பிள்ளை உள்ளே போனபோது மறந்தோம். ஜெயராஜும் பென்னிக்ஸும் தப்புச் செய்யாதவர்கள், அவர்களுக்காகக் கேட்பது எளிது. தப்புச் செய்த பிள்ளைக்காகக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

கேட்க ஆளில்லாத பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2022 டிசம்பர் 31 அன்று, ஊரெல்லாம் புத்தாண்டு ஆராதனைக்குப் புதுச்சட்டை எடுத்து வைத்திருந்த நாளில், செங்கல்பட்டில் சிறுவர்களுக்கான அரசு இல்லத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். ரயில்வே பேட்டரி திருடினான் என்று பிடித்துக் கொண்டுபோய் ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. அவனை அடித்துக் கொன்றதாக அந்த இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். மகனுக்காகத் தாய் தொடர்ந்து நின்று போராடினார். தமிழ்நாடு முழுக்க உள்ள இத்தகைய இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் தலைமையில் 2023இல் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. அந்தச் செய்தியை நாங்கள் நாளிதழில் படித்தோம். "அநியாயம்" என்றோம். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இருக்கிற இல்லத்துக்கு ஒரு நாள் போய், நன்றாக இருக்கிறார்களா என்று பார்த்து வருவோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊர்க்காரர்கள் அடிக்கடி வந்து போகிற வாசலுக்கு உள்ளே ஒரு பிள்ளையைத் தொட எவனும் இரண்டு தடவை யோசிப்பான். பண்டிகைக்குப் போவதில் இனிப்பைவிடப் பெரிய பயன் அதுவே.

இதைப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். அதை ஒதுக்கிவிட்டுப் போனால் இந்த எழுத்தில் நேர்மை இருக்காது. "அரிவாள் எடுத்தவனுக்கும் கேக் கொண்டு போவியா?" என்று கேட்பார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். பிடிபட்ட சிறுவர்கள் கூர்நோக்கு இல்லத்துக்குத்தான் போனார்கள். நாங்குநேரி எங்களுக்குப் பக்கம். அந்த ரத்தத்தை மறந்துவிட்டுப் பண்டிகை மகிழ்ச்சி பேச யாருக்கும் உரிமை இல்லை. வெட்டுப்பட்ட பிள்ளையின் வீட்டுக்குப் பண்டிகை நாளில் போனோமா என்ற கேள்வி முதலில் வரட்டும். அங்கேயும் நாங்கள் போகவில்லை. ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்டு இல்லத்து வாசலுக்குப் போகாமல் இருந்தோமே தவிர, வெட்டுப்பட்டவர் வீட்டு வாசலுக்கும் போனவர்கள் இல்லை நாங்கள்.

இன்னும் கசப்பானது ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகளின் கையில் சாதிக்கயிறு கட்டியது யார்? நாங்குநேரிக்குப் பிறகு பள்ளிகளில் சாதி உணர்வைப் போக்க அமைத்த குழுவுக்கும் நீதிபதி சந்துருதான் தலைவர். 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் கையில் வண்ணக்கயிறு கட்டிவருவதைத் தடுக்க வேண்டும் என்று அவர் எழுத வேண்டியிருந்தது. எங்கள் கொடைகளிலும் ஊர்வலங்களிலும்தான் பிள்ளைகளுக்கு அந்த வண்ணச் சட்டைகளையும் கயிறுகளையும் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம். எங்கள் பண்டிகையில் அவர்கள் கற்றுக்கொண்டது அது. பண்டிகைகளில் சாதியைக் கொடுக்கத் தெரிந்த எங்களுக்கு, பண்டிகையில் ஒரு தூக்குவாளிச் சோறு கொடுக்க மட்டும் அந்தப் பிள்ளைகள் குற்றவாளிகளாகத் தெரிந்தார்கள்.

சபைக்காரர்கள் என்ற முறையிலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சிறையில் இருந்தவரைப் பார்க்கப் போனவர்கள் ஒரு பக்கமும் போகாதவர்கள் மறுபக்கமுமாகப் பிரிக்கப்படுவதைச் சொல்லும் மத்தேயு 25ஆம் அதிகாரத்தை ஞாயிறு பாடசாலையில் மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கியவர்கள் நாங்கள். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் விழா நடத்தலாம் என்ற பேச்சு வந்தது. அங்கே படம் எடுக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னதும் பேச்சு அடங்கிப்போனது. அந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டத்தின் 74ஆம் பிரிவு. படம் இல்லாமல் ஒரு நற்செயல் செய்ய எங்களுக்குத் தெம்பு இல்லை. அந்த டிசம்பரில் கேக்கை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்ப் பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம்.

சரி, போயிருந்தால் என்ன கொண்டு போயிருப்போம்? முதலூர் மஸ்கோத் அல்வா, முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, ஒரு புதுச்சட்டை. எல்லாம் நல்லதுதான். பண்டிகை நாளில் சிறப்பு உணவு போட இல்லங்களின் விதிகளிலேயே இடமுண்டு. ஆனால் அந்தப் பெண் ஒவ்வொரு தடவை பார்த்துவிட்டு வரும்போதும் மகன் என்ன கேட்டான் என்று பிற்பாடு சொன்னாள். அவன் தின்பண்டம் கேட்கவில்லை. "தசரா செட்டுல என் டிரம்மை இப்ப யாரும்மா அடிக்கா?" என்று கேட்டிருக்கிறான்.

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு எங்கள் தெருப் பையன்கள் ஒரு குழுவாக வேஷம் கட்டிப் போவார்கள். காளி, குறவன், குறத்தி, போலீஸ் என்று வேஷம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை பிரித்து, பத்தாம் நாள் முத்தாரம்மன் கோயிலில் கொண்டுபோய்ச் செலுத்துவார்கள். அவன் நான்கு வருஷமாக அந்தக் குழுவின் டிரம். கார்த்திகையில் அவன் பிடிபட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, டிரம்மை வேறு பையனிடம் கொடுத்துவிட்டோம். அடுத்த தசராவுக்குப் பத்து மாதம் கிடந்தது. அவசரம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அம்மா அவனிடம், "உன் டிரம் அப்படியே தொங்குது மக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

உள்ளே இருக்கிற பிள்ளைக்குப் பண்டிகை என்றால் தன் ஊரின் சேதி. கொடைக்கு யார் வந்தார்கள், குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா, தன் டிரம் எங்கே தொங்குகிறது, தன் இடம் காலியாக இருக்கிறதா என்ற சேதி. அதை வெளியூர்த் தொண்டு நிறுவனம் கொண்டுபோக முடியாது, அரசாங்கமும் கொண்டுபோக முடியாது. எங்களால் மட்டுமே முடிந்த காரியம் அது. அதைத்தான் நாங்கள் செய்யவில்லை.

பங்குனியில் அவன் வீடு வந்தான். முடிந்துபோன வழக்கின் பதிவு அந்தப் பிள்ளையின் வாழ்க்கையைத் தொடரக் கூடாது, உரிய காலத்தில் அழிக்கப்பட வேண்டும் என்பது சட்டத்தின் 24ஆம் பிரிவு. புதிதாகத் தொடங்க விட வேண்டும், பழிக்கும் சொல்லால் அழைக்கக் கூடாது என்பதையும் சட்டம் தன் அடிப்படைக் கொள்கைகளாகவே வைத்திருக்கிறது. தெருவின் பதிவேட்டை யார் அழிப்பது? அவன் வந்து ஏழு நாள் வரை ஒருவரும் அந்த வீட்டுப் படியேறவில்லை. கடையில் அவன் நின்றால் சில்லறைப் பெட்டியைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்தார்கள்.

இந்த வருஷம் என்ன செய்யப் போகிறோம் என்று தெருவில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். இனி எந்த வீட்டுப் பிள்ளை பிடிபட்டாலும் மறுநாளே இரண்டு பேர் தாயோடு குழுமத்துக்குப் போவோம். அலுவலர் விசாரிக்க வந்தால் தெரிந்ததைச் சொல்வோம், பார்த்துக்கொள்ள ஆள் உண்டு என்று பெயர் கொடுப்போம். பாளையங்கோட்டை இல்லத்தின் கண்காணிப்பாளருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் எழுதி, அனுமதி வாங்கி, கிறிஸ்மஸுக்கும் பொங்கலுக்கும் போவோம், செல்போனை வாசலிலேயே விட்டுவிட்டு. கேரல் பாட்டு கடைசி வீட்டிலிருந்து தொடங்கும். வெட்டுப்பட்ட வீடுகளின் வாசலையும் மறக்க மாட்டோம். டிரம் அவனிடம் திரும்பிவிட்டது. இவையெல்லாம் பெரிய காரியங்கள் இல்லை. இத்தனை எளிதானவற்றையும் செய்யாமல் இருந்தோம் என்பதுதான் எங்கள் வெட்கம்.

எட்டாம் நாள் நான் அந்த வீட்டுக்குப் போனேன். அவன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான், மெலிந்திருந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல், "அசனச் சோறு உனக்கு வந்து சேந்துச்சாலே?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரித்தான்.

"இல்ல மாமா. காலையில பாத்தா ஊசிப் போச்சாம், அம்மா கொண்டு வரல. ஆனா அம்மா சொன்னா. 'நான் கேக்கவே இல்லடா, தெருவுல அவங்களாவே உனக்குன்னு ஒரு பங்கு எடுத்து வச்சிருந்தாவ'ன்னு."

உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் கதவோரம் வந்து என்னைப் பார்த்தாள். அசனத்தன்று பார்த்த அதே பார்வைதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாங்கள் வைக்காத பங்கை வைத்ததாகச் சொல்லி, எங்கள் தெருவின் மானத்தை அந்தப் பிள்ளையிடம் அவள் காப்பாற்றி வைத்திருக்கிறாள். அவள் சொன்னதை வரும் அசனத்திலாவது மெய்யாக்க வேண்டும்.